இடப்பக்கம் நீந்திய மீன்

டென்மார்க் பையரின் குழந்தைகள் பனியன் ஆர்டர் வந்தபோது சித்ரகலா அந்தக் கம்பெனியில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. சோமனூரில் அப்பாவின் தறிச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து கணக்கில் பட்டம் வாங்கியவள். முதலிபாளையத்தில் சாமியப்பன் நடத்திவந்த பனியன் கம்பெனியில் அவளுக்கு மெர்ச்சண்டைசர் வேலை. சரக்கு வாங்கும் பையர்களான வெளிநாட்டுக்காரர்கள் மெயிலில் கேட்பதைக் கம்பெனிக்குள் ஓடி ஓடிச் சொல்லவேண்டும். கம்பெனிக்குள் நடப்பதை அவர்களுக்குப் பக்குவமாக எழுதவேண்டும். இரண்டுக்கும் நடுவில் திட்டு வாங்கவேண்டும்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம். கம்பெனி முழுக்க இன்டர்நெட் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான். அது அவள் மேஜையில் இருந்தது. பின்பக்கம் குண்டாகப் புடைத்த மானிட்டர், மேலே தூசிக்கு ஒரு வெள்ளைத் துணி. ஒரு படம் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். அதைத் தொடவே மற்றவர்கள் பயப்படுவார்கள். பையர் மெயில் அழிந்துபோய்விடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.

அந்த டென்மார்க் ஆர்டரில் ஒரு புதுமை இருந்தது. பனியன்களை விற்பதற்காக அந்த டென்மார்க் கம்பெனி இன்டர்நெட்டில் ஒரு விளையாட்டு நடத்தியது. கதைப்படி, ஒரு கிழட்டு மாலுமி தன் கப்பலின் வெண்கல மணியை அவர்கள் நாட்டுக் கடற்கரையில் எங்கோ புதைத்துவிட்டுச் செத்துப்போனான். புதைத்த இடத்துக்கு வழி சொல்லும் படங்கள்தான் பனியன்களில் அச்சாகியிருக்கின்றன: நங்கூரம், கலங்கரை விளக்கம், படகு, மீன் என்று பலவகை. ஒவ்வொரு பனியனிலும் தொங்கும் டேக்கில் ஒரு ரகசிய எண். அதை வெப்சைட்டில் அடித்தால் ஒரு புதிர் திறக்கும். விடை கண்டுபிடித்தால் அடுத்தது திறக்கும். கடைசியில் மணி இருக்கும் இடத்தை முதலில் சொல்பவருக்கு ஒரு சின்னப் பாய்மரப் படகு பரிசு.

டேக்குகள் இங்கேதான் அச்சாகின. எண்கள் சரியாக வேலை செய்கின்றனவா என்று ஷிப்மெண்டுக்கு முன்னால் சோதித்துப் பார்ப்பது சித்ரகலாவின் பொறுப்பு. எண்ணை அடிப்பாள். ஒரு மணிச் சத்தத்தோடு புதிர் திறக்கும். சரி என்று குறித்துக்கொண்டு மூடிவிடவேண்டும். முதல் நாள் மூடினாள். இரண்டாம் நாளும் மூடினாள். மூன்றாம் நாள் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, மூடாமல் உட்கார்ந்துவிட்டாள்.

முதல் புதிரைச் சாப்பாட்டு நேரத்திலேயே போட்டுவிட்டாள். அடுத்தது ஒரு படம். பல நிறங்கள் குழம்பிக் கிடந்த அலைகளுக்குள் ஒரு எண் ஒளிந்திருக்கிறதாம். எவ்வளவு உற்றுப் பார்த்தும் தெரியவில்லை. அந்நேரம் பிரிண்டிங் செக்‌ஷன் பொறுப்பாளர் டேனியல் ஒரு சாம்பிளோடு உள்ளே வந்தான். கொமரலிங்கத்துக்காரன், அவளைவிட ஏழெட்டு வயது மூத்தவன். விரல் நகங்களில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும்.

"ஏனுங்க சித்ரா, சோறு ஆறிப்போச்சு. அங்க என்னத்தப் பாக்கறீங்க?"

"இந்தப் படத்துக்குள்ள ஒரு நம்பர் இருக்குதாமுங்கண்ணா. கண்ணுதான் வலிக்குது."

டேனியல் குனிந்து பார்த்தான். "இது நாம அடிச்ச அலைப் பனியன்தானுங்க. இருங்க, வந்தர்றேன்" என்று போனவன், பிரிண்டிங் பிலிம்களை எடுத்துவந்தான். பனியனில் அடிக்கும் படத்தை நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பிலிம் வைத்திருப்பார்கள். மஞ்சளுக்கு உரிய பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். நாற்பத்தேழு என்று பளிச்சென்று தெரிந்தது.

சித்ரகலாவுக்குச் சந்தோஷத்துக்குப் பதில் கோபம்தான் வந்தது. "இது கள்ளாட்டமுங்கண்ணா! நாமளே அடிச்சுப்போட்டு நாமளே கண்டுபுடிச்சா அதுல என்ன இருக்குது?"

"அட, இதுல நமக்குப் படகா குடுக்கப் போறாங்க?"

"குடுக்காட்டிப் போகுது. வெளையாட்டுன்னா வெளையாட்டா ஆடோணும்."

டேனியல் சிரித்தான். ஆனால் பிலிம்களைச் சுருட்டி வைத்துவிட்டான். அன்றைக்கு இருவரும் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். விளையாட்டுக்காகக் கம்பெனிக்குள் இருக்கும் பிலிமையோ சாம்பிளையோ பார்க்கக்கூடாது. அந்த ஊர் ஜனங்கள் திரையில் எதைப் பார்க்கிறார்களோ அதை மட்டும் வைத்துத்தான் யோசிக்கவேண்டும்.

அப்படித்தான் அந்த மதியங்கள் தொடங்கின. ஓவர்லாக் தையல் மெஷின்கள் அடங்கி, கம்பெனியே டிபன் பாக்ஸ் சத்தமாக மாறும் நேரம். டேனியல் கையில் சோற்றோடு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வான். சித்ரகலா ஆங்கிலத்தை வாசித்துத் தமிழில் சொல்லுவாள். கணக்காக இருந்தால் அவள் பக்கம், படமாக இருந்தால் அவன் பக்கம். எப்போதாவது கரண்ட் போய்விடும். ஜெனரேட்டர் தையல் பகுதிக்கு மட்டும்தான். அப்போது வெறும் கறுப்புத் திரையின் முன்னால் உட்கார்ந்து, ஞாபகத்தில் இருக்கும் புதிரைத் தரையில் சாக்பீஸால் எழுதி யோசிப்பார்கள்.

ஒருநாள் சாமியப்பனிடம் மாட்டிக்கொண்டார்கள்.

ஒரு மெஷினோடு தொழில் ஆரம்பித்து வளர்ந்த மனிதர் அவர். எந்நேரமும் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. கம்பெனிக்குள் நடந்து வந்தால் செருப்புச் சத்தத்துக்கே பேச்சு நின்றுவிடும். அன்று சத்தம் கேட்கவில்லை. பின்னால் வந்து நின்றிருந்தார்.

"என்ன அம்மிணி, பையர் மெயிலா?"

சித்ரகலாவுக்குப் பொய் வரவில்லை. "இல்லீங்க மொதலாளி. அவங்க நடத்தற வெளையாட்டு" என்று எழுந்து நின்று முழுவதையும் சொன்னாள். டேனியல் சுவரோடு சுவராக ஒண்டினான். சாமியப்பன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜெயிச்சா என்ன குடுப்பான்?"

"படகுங்க. ஆனா நமக்கில்லீங்க. அந்த ஊர்ல குடியிருக்கறவங்களுக்குத்தான். அதுலயும் பனியன் செஞ்சு குடுத்தவங்க சேரக்கூடாதுன்னு போட்டிருக்குதுங்க."

"குடுத்தாலும் நொய்யல் ஆத்துல எங்க உடறது அத? சாயத்தண்ணில அடி அரிச்சுப் போகும்" என்றார். பிறகு, "ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு மண்டைய ஒடைக்கறீங்க?" என்று கேட்டார். "சரி, இப்ப என்ன கேட்டிருக்கான்? படி பாக்கலாம்."

ஐந்து படகுகள், ஐந்து நிறப் பாய்கள். எந்தப் படகில் ஆடு இருக்கிறது என்று சொல்லவேண்டும். சிவப்புப் பாய்க்காரனுக்குப் பக்கத்தில் மீன்காரன் இல்லை, பச்சைப் பாய் நடுவில் இல்லை என்று நீளமான குறிப்புகள். சாமியப்பன் பொறுமையாகக் கேட்டார்.

"ஆட்ட எவனாச்சும் படகுல ஏத்துவானா? மொதல்ல அதச் சொல்லுங்க. அது பயந்துக்கிட்டுக் கத்தாதா?"

"கதைக்குத்தானுங்க மொதலாளி..."

"கதைன்னாலும் ஒரு ஞாயம் வேண்டாமா? மஞ்சப் பாய்லதான் இருக்கும். போடு."

போட்டாள். தவறு என்று திரையில் ஒரு நண்டு வந்து தலையாட்டியது. சாமியப்பனின் முகத்தில் அவர்கள் அதுவரை பார்த்திராத ஒரு ரோஷம் தெரிந்தது. திரும்பிப் போய்விட்டார். மறுநாள் சாப்பாட்டு மணி அடிக்கும் முன்பே ஒரு நாற்காலியைத் தூக்கிவரச் சொல்லி, சித்ரகலாவின் மேஜைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் சொன்ன விடை ஒன்றுகூடச் சரியாக இருந்ததில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் சத்தியம் செய்வதுபோலச் சொல்வார். நண்டு தலையாட்டும்போதெல்லாம் "இந்தக் கெரகம் புடிச்ச நண்டுக்கு என்ன தெரியும்?" என்பார். டேனியல் சிரிப்பை அடக்கமுடியாமல் தண்ணீர் குடிக்க எழுந்து போவான். பையர் மீட்டிங் இருக்கும் நாட்களில், அவர் வரும்வரை புதிரைப் போடக்கூடாது என்று உத்தரவு. வீட்டில் அவருக்குப் பேச்சுத்துணையே கிடையாது. மனைவி போன பிறகு மகன்கள் இருவரும் தனித்தனி கம்பெனி, தனித்தனி கார். இது சித்ரகலாவுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

வெப்சைட்டில் விளையாடுகிறவர்கள் பேசிக்கொள்ள ஒரு பக்கம் இருந்தது; சரக்கு கப்பலில் போய் அந்த ஊர்க் கடைகளுக்கு வந்ததும் அது களைகட்டியது. பாதிப் பேர் அவர்கள் மொழியில் எழுதினார்கள். சிலர் ஆங்கிலத்தில் எழுதினார்கள். அதில் 'லிஸ்பெத்தின் அப்பா' என்ற பெயரில் ஒருவர் எழுதுவதை மூவரும் ஆவலோடு பார்ப்பார்கள். அவர் ஒரு பயணிகள் கப்பலில் வேலை செய்பவர். வாரத்தில் பாதி நாள் கடலில். கரைக்கு வரும் நாட்களில் மகளோடு உட்கார்ந்து புதிர் போடுவார். அவருடைய ஆங்கிலம் தன்னுடையதைப் போலவே தட்டுத்தடுமாறி இருந்ததில் சித்ரகலாவுக்கு ஒரு நெருக்கம் வந்துவிட்டது. 'இன்று நண்டு எங்களைப் பார்த்து நான்கு முறை தலையாட்டியது. லிஸ்பெத் அதை வறுத்துத் தின்னப் போவதாகச் சொல்கிறாள்' என்று ஒருநாள் எழுதியிருந்தார். அதைத் தமிழில் சொன்னதும் சாமியப்பன் தொடையைத் தட்டிச் சிரித்தார். "சரியான புள்ள!" என்றார்.

கடைசிப் புதிரில் விளையாட்டே தடுக்கி நின்றது.

எல்லாப் படங்களையும் வைத்து ஒரு கலங்கரை விளக்கம் வரைக்கும் எல்லாரும் வந்துவிட்டார்கள். அதற்குமேல் குறிப்பு ஒரே வரி: மீன் எந்தப் பக்கம் நீந்துகிறதோ அந்தப் பக்கம் போ. மீன் பனியனைப் பார்த்தால் முடிந்தது விஷயம். ஆனால் எழுதும் பக்கத்தில் பெரிய சண்டை. மீன் வலது பக்கம், அதாவது கிழக்கே நீந்துகிறது என்று பாதிப் பேர் சொன்னார்கள். இடது பக்கம், மேற்கே என்று மீதிப் பேர். இரண்டு கட்சியும் பனியனைப் படம் பிடித்துப் போட்டார்கள். இரண்டும் நிஜம்தான்.

அதன்பிறகு வந்த விளக்கங்கள்தான் வேடிக்கை. ஒன்று ஆண் மீன், மற்றது பெண் மீன், இரண்டும் சந்திக்கும் இடத்தைத் தேடவேண்டும் என்றார் ஒருவர். எந்தெந்த ஊர்க் கடையில் எந்த மீன் விற்றது என்று வரைபடமே போட்டார் இன்னொருவர். மாலுமிக்கு இரண்டு மனைவிகள் இருந்திருக்க வேண்டும் என்று ஒரு அம்மாள் நீளமாக எழுதியிருந்தார்.

"இந்தம்மா சொல்றதுதான் சரி" என்றார் சாமியப்பன்.

சித்ரகலா சிரிக்கவில்லை. இடப்பக்க மீன் படங்களில் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தைத் திருப்பிப் போட்டிருப்பார்களோ என்று முதலில் நினைத்தாள். ஆனால் கழுத்தோரம் அச்சடித்திருந்த சைஸ் எழுத்து நேராகத்தான் இருந்தது. அப்படியென்றால் பனியனிலேயே மீன் திரும்பித்தான் இருந்தது. தாங்களே போட்ட சட்டத்தை மீறி, பையர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய சாம்பிளை அலமாரியிலிருந்து எடுத்தாள். வலப்பக்கம் நீந்தும் மீன்.

"டேனியலண்ணா, கொஞ்சம் வெளிய வாங்க."

பிரிண்டிங் பகுதிக்கு இருவரும் நடந்தார்கள். பிலிமின் படத்தைப் பதித்து அச்சடிக்கும் வலைத்துணிச் சட்டங்களான பழைய ஸ்கிரீன்கள் சுவரோரம் வரிசையாகச் சாய்ந்திருந்தன. மீன் ஸ்கிரீன் இரண்டு இருந்தது. ஒன்று நடுவில் கிழிந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு டேனியல் மற்றதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். அதில் மீன் இடது பக்கம் நீந்தியது.

"ஸ்கிரீன் கிழிஞ்ச அன்னைக்கு நாந்தானுங்க புதுசு போட்டேன். கரண்ட் வந்துவந்து போயிட்டிருந்துச்சு. அவசரத்துல பிலிமக் கவுத்து வெச்சுட்டனாட்ட இருக்குது. எழுத்து இருந்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். மீனுக்கு என்னங்க எழுத்தா இருக்குது?" அவன் குரல் இறங்கிப் போயிருந்தது. "அதுக்கப்பறம் அடிச்சது பூரா இந்த மீனுதானுங்க."

மீன் பனியன்களில் பாதி. பெட்டி பெட்டியாகக் கடல் தாண்டிப் போய்விட்டது. ஒரு தேசத்து ஜனங்கள் கூடி மூளையைக் கசக்கிக்கொண்டிருந்தது டேனியல் கவிழ்த்து வைத்த ஒரு பிலிமைப் பற்றி.

சாமியப்பனிடம் சொல்லாமல் இருக்கமுடியாது. டேனியல்தான் சொன்னான். நாற்காலியில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். விளையாட்டுக்கு உட்காரும் மனிதர் மறைந்து, கம்பெனி முதலாளி வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்ததுபோல் இருந்தது.

"பையர் ஏதாச்சும் கேட்டானா?"

"இல்லீங்க. அவங்களுக்கே தெரியலையாட்ட இருக்குது" என்றாள் சித்ரகலா.

"கேக்காதத நாம ஏன் சொல்லோணும்? குளிர்கால ஆர்டர் இன்னும் கைக்கு வரலை. வாயத் தொறந்தீங்கன்னா அது வேற கம்பெனிக்குப் போயிரும். இத்தன பேரு இதை நம்பி இருக்காங்க. போய் வேலையப் பாருங்க."

அவர் சொன்னதில் தப்பு இருப்பதாகவும் சித்ரகலாவால் நினைக்க முடியவில்லை. வெளியே தையல் மேஜைகளில் குனிந்திருந்த தலைகளைப் பார்த்தாள். மானிட்டரின் மேல் வெள்ளைத் துணியை இழுத்து மூடினாள். பல நாட்கள் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. டேனியலும் வரவில்லை. பிரிண்டிங் மேஜைக்குப் பக்கத்திலேயே நின்று சாப்பிட்டான். சாமியப்பன் தன் அறைக்குள் சாப்பிட்டார். சாப்பாட்டு நேரம் இவ்வளவு நீளமா என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அவரே வந்தார். நின்றபடியே கேட்டார்.

"அந்த அப்பனும் புள்ளையும் என்னானாங்க? மணி கெடச்சுதா?"

அவள் பக்கத்தைத் திறந்தாள். லிஸ்பெத்தின் அப்பா முந்தின நாள் எழுதியிருந்தார். அவர்களுடையது இடப்பக்க மீன். கப்பலில் லீவு கேட்டு வாங்கி, மகளைக் கூட்டிக்கொண்டு கலங்கரை விளக்கத்துக்கு மேற்கே இருந்த ஒரு குட்டித் தீவுக்குப் போயிருக்கிறார்கள். அங்கே ஆடு மேய்ப்பவர்களைத் தவிர ஆள் இல்லையாம். நல்ல மழை. படகு இறங்கிய கரையிலிருந்து காலடி வைத்து அளந்து, மண்வெட்டியால் தோண்டியிருக்கிறார்கள். ஒன்றும் இல்லை. பக்கத்தில் இன்னொரு குழி. அதிலும் இல்லை. 'நாம் ஏதோ தப்பாகப் படித்துவிட்டோம் என்று லிஸ்பெத் வழியெல்லாம் அழுதாள். தப்பு எங்கே என்று எனக்கும் தெரியவில்லை.' என்று முடித்திருந்தார்.

சித்ரகலா வாசித்து முடித்தாள். சாமியப்பன் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். வேட்டி நுனியைப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு நின்றார்.

"மழைல தோண்டிச்சாமா அந்தப் புள்ள?"

"ஆமாங்க."

"தப்பாப் படிச்சுட்டோம்னு அழுதுச்சாமா."

"ஆமாங்க மொதலாளி."

"அது சரியாத்தான படிச்சிருக்குது." திரும்பினார். "டேனியலக் கூப்புடு. மெயில் எழுதலாம்."

"அங்க எழுதற பக்கத்துலயே பேரச் சொல்லாமச் சொல்லிரலாமுங்களா? நம்ம கம்பெனின்னு தெரியாது" என்று சித்ரகலா மெல்லக் கேட்டாள். அவளுக்கும் குளிர்கால ஆர்டர் நினைவில் இருந்தது.

"மொட்டக் கடுதாசி போடற பழக்கம் எனக்கில்ல அம்மிணி. சொல்றதுன்னு ஆயிப்போச்சு, நேராச் சொல்லு. மொதல்ல சௌக்கியமான்னு கேளு. அப்பறம் மீனப் பத்திச் சொல்லு."

"பிசினஸ் மெயில்ல அப்படியெல்லாம் கேக்கமாட்டாங்க மொதலாளி."

"கேட்டா கொறைஞ்சா போயிருவாங்க? எழுது."

எழுதினாள். மெட்டே என்ற பெண்தான் அங்கே அவர்களுடைய ஆர்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள். எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டு, ஸ்கிரீன் கிழிந்ததையும் பிலிம் கவிழ்ந்ததையும் ஒளிக்காமல் எழுதி, இடப்பக்க மீன் எங்கள் தவறு, விளையாடுகிறவர்கள் தவறு இல்லை என்று முடித்தாள். அனுப்பும் பட்டனை அழுத்தும்போது மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரண்ட் போகவில்லை. போயிருக்கலாமே என்றுகூட அவளுக்கு ஒரு கணம் தோன்றியது.

மறுநாள் டேனியல் முதலாளி அறைக்குப் போய், வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னான். சாமியப்பன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஸ்கிரீன் போட வேற ஆளுக்கு நான் எங்க தம்பி போறது? போய் வேலையப் பாருங்க" என்றார். அவ்வளவுதான்.

பதில் வரத் தாமதமானது. சித்ரகலா ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் வரும்போதே மனதுக்குள் மோசமான பதில்களை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்துக்கொள்வாள். ஒருவழியாக வந்தபோது முதல் வரி இப்படி இருந்தது: 'நாங்கள் எல்லாரும் சௌக்கியம். நீங்கள் கேட்டதற்கு நன்றி. யாரும் கேட்பதில்லை.'

"பாத்தியா?" என்றார் சாமியப்பன்.

விளையாட்டை நடத்தியவர்களே தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்களாம். இடப்பக்க மீன் என்பது யாரோ கம்ப்யூட்டரில் செய்த குறும்பு என்று நினைத்து, பதில் சொல்லாமலே இருந்தார்களாம். இப்போதுதான் கடைக்கு ஆள் அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு நாளில் வெப்சைட்டில் ஓர் அறிவிப்பு வந்தது. சித்ரகலா அதை வாசித்தபோது பக்கத்து மேஜைக்காரர்களும் எழுந்து வந்து நின்றார்கள்.

'ஒரு மீன் வழி தவறிவிட்டது. அது பிறந்த ஊர் கடலுக்கு வெகு தூரம். கடல் எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியவில்லை. இடது பக்கம் நீந்தும் மீன் உங்களிடம் இருந்தால், அதை ஒருமுறை கண்ணாடியில் காட்டுங்கள். அது திரும்பிக்கொள்ளும். சரியாகப் படித்து, தவறான இடத்துக்குப் போனவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.'

கம்பெனியின் பெயர் அதில் இல்லை. டேனியல் ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். நகத்தில் இருந்த நீலம் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

மணி அந்த வாரமே கிடைத்துவிட்டது. கிழக்குப் பக்கத்து மணல்மேட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவன் தோண்டி எடுத்தான். படகும் அவனுக்குத்தான். லிஸ்பெத்துக்குக் கிடைத்திருக்கக்கூடாதா என்று மூவருக்கும் இருந்தது. அவள் அப்பா கடைசியாக ஒரு படம் போட்டிருந்தார். பின்னால் சாம்பல் நிறத்தில் கடல். மழையில் நனைந்த செம்பட்டைத் தலையோடு, முன்பல் ஒன்று இல்லாத ஒரு பெண் குழந்தை. அவள் பனியனில் இடப்பக்கம் நீந்தும் மீன். தீவுக்குப் போன அன்று எடுத்ததாம். 'எங்கள் மீன் வழி தவறியது நல்லதுதான். இல்லாவிட்டால் இந்தத் தீவை நாங்கள் பார்த்திருக்கவே மாட்டோம்' என்று எழுதியிருந்தார்.

சாமியப்பன் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "பிரிண்ட் நல்லா உக்காந்திருக்குது. ஒரு சொட்டு சாயம் போகலை பாரு" என்றார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. குளிர்கால ஆர்டர் பாதிதான் வந்தது. மீதி வேறு ஊருக்குப் போயிற்று. இனி ஒவ்வொரு புது ஸ்கிரீனுக்கும் படம் எடுத்து அனுப்பி ஒப்புதல் வாங்கவேண்டும் என்று மெட்டே எழுதினாள். சாமியப்பன் சில நாட்கள் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். தைத்த பனியன்களைப் பரிசோதிக்கும் செக்கிங் பகுதியில் ஒரு மேஜை வரிசையையே நிறுத்தும்படி ஆயிற்று. ஆனால் அந்த மெயிலைப் பற்றி ஒருநாளும் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

விளையாட்டு முடிந்ததும் வெப்சைட்டையும் எடுத்துவிட்டார்கள். ஒரு திங்கட்கிழமை சித்ரகலா திறந்தபோது வெறும் வெள்ளைப் பக்கம் வந்தது. நண்டு இல்லை, அலை இல்லை, எழுதியவர்களின் சண்டை இல்லை. அந்தப் படத்தையாவது எடுத்து வைத்திருக்கலாமே என்று நினைத்தாள். அப்போதெல்லாம் இன்டர்நெட்டில் இருப்பது அங்கேயே இருக்கும் என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். சாப்பாட்டு நேரத்தில் சாமியப்பன் பழக்கதோஷத்தில் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, வெள்ளைத் திரையைப் பார்த்து, "சரி" என்றார். அப்படியே உட்கார்ந்து, அவள் கொண்டுவந்திருந்த எலுமிச்சை ஊறுகாயைக் கேட்டு வாங்கித் தொட்டுக்கொண்டார். டேனியல் தன் அக்கா மகளுக்கு நடந்த ஞானஸ்நானத்தைப் பற்றிச் சொன்னான். அதற்குப் பிறகும் பல நாட்கள் அங்கேயே உட்கார்ந்து மூவரும் சாப்பிட்டார்கள். பேச்சுக்குப் புதிர் தேவையாக இல்லை.

இரண்டு வருஷம் கழித்து உலகம் முழுக்கத் தொழில் படுத்தபோது டென்மார்க் பையர் நின்றுபோனான். கம்பெனி பாதியாகச் சுருங்கியது. சித்ரகலா அதற்கு முன்பே பெருந்துறைக்கு வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தாள். டேனியல் முதலிபாளையத்திலேயே சின்னதாகச் சொந்தப் பிரிண்டிங் பட்டறை போட்டான். சாமியப்பன் தொழிலை மகன்களிடம் விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டாள். போய்ப் பார்க்கவேண்டும் என்று நினைத்ததோடு சரி. கைக்குழந்தையும் மாமியார் வீடுமாக நாட்கள் போய்விட்டன.

இரண்டாயிரத்து ஒன்பதில் ஒரு காலை. குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"அம்மிணி, சாமியப்பன் பேசறேன். சௌக்கியமா?"

அவளுக்குச் சட்டென்று எழுந்து நிற்கத் தோன்றியது. நின்றேவிட்டாள். "சௌக்கியமுங்க மொதலாளி. நீங்க எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கறேன். பேரன் ஒரு லேப்டாப்பக் குடுத்து, எப்புடித் தொறக்கறதுன்னு சொல்லிக் குடுத்துட்டுப் போயிட்டான். அதுல ஒரு டீத்தூள் கம்பெனிக்காரன் வாரா வாரம் புதிர் போடறான். தமிழ்லயே இருக்குது. மூணு வாரமாப் போட்டுட்டு இருக்கறேன்."

"சரியா வருதுங்களா?"

"எங்க வருது? அதை உடு. இப்பக் கேளு. ஆறு தீக்குச்சி. ஒடைக்கக்கூடாது. எல்லாப் பக்கமும் ஒரே அளவா நாலு முக்கோணம் பண்ணோணுமாம். ஊட்ல இருந்த பொட்டி பூரா தீர்ந்துபோச்சு. கணக்குப் படிச்சவதான, சொல்லு."

சித்ரகலா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அடுப்பு மேடையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தாள். தரையில் உட்கார்ந்து மூன்று குச்சிகளால் ஒரு முக்கோணம் வைத்தாள். மீதி மூன்றைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். குழந்தை ஊர்ந்து வந்து ஒன்றைப் பிடுங்கியது. அதனிடமிருந்து வாங்கி, அந்த மூன்றையும் முக்கோணத்தின் மூன்று மூலைகளிலும் ஊன்றி, மேலே ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தாள். கூடாரம்போல நின்றது: அடியில் ஒரு முக்கோணம், சுற்றிலும் மூன்று. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கண்டுபுடிச்சுட்டியா?" என்றது போன்.

"ஆமாங்க மொதலாளி. அது..."

"சொல்லீராத! சொல்லீராத. வெளையாட்டுன்னா வெளையாட்டா ஆடோணும்." மறுமுனையில் குச்சிகள் மேஜையில் உருளும் சத்தம் கேட்டது. "நானே பாக்கறேன். மத்தியானம் சோத்து நேரத்துக்குக் கூப்புடு. டேனியலு நம்பர் இருக்குதில்ல? அவனையும் லைன்ல போடு."